கொல்லைக்கு ஒரு பசுந்திரை

கன்னடத்தில் 'ஆனேகல்லு' என்றால் ஆலங்கட்டி. எங்கள் ஊராகிய ஆனேக்கல்லின் பெயர் அதிலிருந்து வந்தது என்பர். பெங்களூருக்குத் தெற்கே ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில், தமிழ்நாட்டு எல்லைக்கு அருகே, கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 3000 அடி உயரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் பல் கிட்டும். சென்னையிலிருந்து முதன்முறையாக வரும் நண்பர்கள், "இது என்ன ஊட்டியா?" என்று கேட்டுக்கொண்டே போர்வையைத் தேடுவார்கள்.

இத்தகைய ஊரில், ஒரு வீட்டின் கொல்லையை அயலார் பார்வையிலிருந்து மறைக்க எந்த மரத்தை நடுவது? சிறிய கேள்விதான். தாவரவியல் மாணவனாகிய எனக்கு இதற்கு விடை உடனே தெரிந்திருக்க வேண்டும் என்று என் வீட்டார் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்தேன். நினைத்தது தவறு என்று தெரிய இரண்டு கோடைகள் ஆயின. அந்தத் தவறையும், அதிலிருந்து கற்ற பாடத்தையும் நம் மன்றத்து நண்பர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். இன்று இல்லாவிட்டாலும் என்றேனும் ஒரு நாள் உங்களில் பலருக்கும் ஒரு கொல்லை வாய்க்கும். அதன் பின்னால் ஒரு மாடியும் எழும்.

பாட்டியின் துவைகல்

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு. பின்னால் கொல்லை, கொல்லையில் ஒரு துவைகல், கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி. காலை ஆறு மணிக்குப் பாட்டி அங்கே துவைப்பார். பிறகு தலை முழுகி, கொல்லையின் கிழக்கோரத்தில் மணை போட்டு உட்கார்ந்து, இளவெயிலில் கூந்தலை உலர்த்துவார். ஐம்பது ஆண்டுகளாக அது அவருடைய அரசு. மதில் ஆறடி உயரம். அதற்கு அப்பால் ராகி நிலம். பார்க்க யாரும் இல்லை.

1978-இல் எலெக்ட்ரானிக் சிட்டி எங்கள் வட்டத்தில் அமைந்த பிறகும், பொம்மசந்திரா, ஜிகணி, அத்திபெலே ஆகிய இடங்களில் தொழிற்சாலைகள் பெருகிய பிறகும், ராகி நிலங்கள் மனைகளாயின. எங்கள் கொல்லையின் தென்மேற்கில் தரைத்தளமும் இரண்டு மாடிகளுமாக ஒரு வாடகைக் கட்டடம் எழுந்தது. அதன் சன்னல்கள் எல்லாம் எங்கள் துவைகல்லைப் பார்த்தே திறந்தன. பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. கொல்லைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்குள் இருந்த குளியலறையில், நிற்கவும் இடமில்லாத மூலையில், குனிந்து துவைத்தார். தைமாதக் குளிரில் ஈரத்தலையோடு உள்ளறையில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டபோதுதான் எனக்கு உறைத்தது. "மரம் செடியெல்லாம் படிக்கிறாயே, ஒரு மரம் வைத்துக் கொடேன்" என்று அன்று அவர் கேட்டார்.

நான் அயல்நாட்டுத் தோட்டப் படங்களைப் பார்த்து மயங்கியவன். பச்சைச் சுவர் எழுப்பியதுபோல் நிற்கும் சைப்ரஸ் வேலிகள்தாம் என் கண்முன் நின்றன. பதினைந்து பொன்னிறச் சைப்ரஸ் கன்றுகளை வாங்கிவந்து, தெற்கு மதிலை ஒட்டி, இரண்டடிக்கு ஒன்றாக வரிசையில் நட்டேன். முதல் மழைக்காலத்தில் அவை அழகாகத்தான் இருந்தன. இரண்டாம் கோடையில் உட்புறம் பழுக்கத் தொடங்கியது. பழுத்த கிளைகளை நன்றாகக் கழித்துவிட்டால் புதிதாகத் துளிர்க்கும் என்று எண்ணிக் கத்தரித்தேன். துளிர்க்கவில்லை. சைப்ரஸ் இனங்கள், இலையற்ற முற்றிய கட்டை வரை வெட்டினால் பெரும்பாலும் மீண்டும் தழைப்பதில்லை என்பதைப் பிறகுதான் படித்தேன். சித்திரை முடிவில் பதினைந்தில் நான்கே மிஞ்சின.

என்றும் பசுமை என்றால் என்ன?

தவறு எங்கே நேர்ந்தது என்று காண, முதலில் 'என்றும் பசுமையான மரம்' என்பதன் பொருளை அறிந்துகொள்வோம். அதன் இலைகள் உதிரா என்று பலரும் கருதுகின்றனர். அப்படியன்று. ஒவ்வோர் இலைக்கும் ஒரு வாழ்நாள் உண்டு. எல்லா இலைகளும் ஒரே பருவத்தில் உதிராமல், சில உதிரும்போது சில தளிர்த்து, மரம் எக்காலத்தும் மூளியாகாமல் இருப்பதே என்றும் பசுமை. மாமரத்தின் அடியில் ஆண்டு முழுதும் சருகு கிடக்கிறது; ஆயினும் மரம் மொட்டையாவதில்லை அன்றோ?

இனி, மரங்கள் ஏன் இலையுதிர்க்கின்றன? இலை என்பது உணவுச்சாலை; அதே சமயம் நீர் வெளியேறும் வாயிலுமாகும். வேர் நீர் கொடுக்க முடியாத காலத்தில் இலைகளை வைத்திருப்பது, வருவாய் இல்லாத மாதத்தில் பத்து விருந்தினரை வைத்திருப்பது போன்றது. ஆகவே மரம் அவற்றை அனுப்பிவிடுகிறது. நம் நாட்டில் அந்த வறிய காலம் கோடை. குளிர்நாடுகளிலோ அது பனிக்காலம். பனியில் நீருக்கு என்ன குறை என்று கேட்கலாம். மண்ணிலுள்ள நீர் உறைந்து கட்டியாகிவிட்டால் வேர் அதை எப்படி உறிஞ்சும்? கண்ணெதிரே நீர் இருந்தும் மரத்துக்கு அது வறட்சியே!

அந்த வறட்சியைத் தாங்கத்தான் பைன், ஸ்புரூஸ், சைப்ரஸ், துஜா போன்ற ஊசியிலை மரங்கள் தம் இலைகளை ஊசியாகவும் செதிலாகவும் சுருக்கி, மேலே மெழுகு பூசிக்கொண்டன. அவற்றின் கட்டையிலுள்ள நீர்க்குழல்களும் மிகக் குறுகியவை. உறைந்து இளகும்போது காற்றுக்குமிழ் தோன்றி நீரோட்டம் அறுபடுவது அவற்றில் குறைவு. எனவே குளிர்நாட்டில் பசுந்திரை வேண்டுவோர் ஊசியிலை மரங்களை நாடுவது நியாயமே.

குளிர்நாட்டு வேலிகள்

கனடாவில் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் நம் தமிழ் மக்கள் பெருந்தொகையாக வாழ்கின்றனர். அங்கு வீட்டுப் பின்புறங்களில் எங்கும் காணப்படும் வேலி மரம், வெள்ளை சீடர் எனப்படும் துஜாவாகும். அதற்கு 'உயிர்மரம்' என்றும் பெயர். 1535-36-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், இன்றைய கியூபெக் நகருக்கு அருகே, ஜாக் கார்த்தியே என்ற பிரெஞ்சு மாலுமியின் ஆட்கள் ஸ்கர்வி நோயால் மாண்டுகொண்டிருந்தபோது, அந்நாட்டுப் பழங்குடியினர் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் காய்ச்சிக் கொடுத்துக் காப்பாற்றினர். அம்மரம் துஜாவே என்பது பலர் கருத்து. அத்தகைய மரமும் காற்று வீசும் மூலையில் நட்டால், பனிக்கால முடிவில் காற்றடிக்கும் பக்கம் கருகிப் பழுப்பாகிவிடும். வெயிலும் காற்றும் இலையிலிருந்து நீரை இழுக்க, உறைந்த மண் நீர் தர மறுப்பதே காரணம். அங்குள்ளோர் மண் உறையுமுன் வேருக்கு நிறைய நீர் விட்டுச் சருகு மூடாக்குப் போடுவது இதனால்தான்.

நம் பக்கத்திலும் குளிர்நிலம் உண்டு. உதகமண்டலத்தில் பனிக்காலத்தில் புல்லின்மேல் உறைபனி படியும். அங்கே சைப்ரஸ் நன்றாக வளர்கிறது. ஆனேக்கல்லோ அப்படியன்று. பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை, 1884-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள் பதிவான 7.8 பாகை செல்சியஸ். உறைநிலைக்கு வெகு மேலே! எங்கள் ஊர்ப் பெயரில் ஆலங்கட்டி இருக்கலாம். எங்கள் மண் ஒருநாளும் உறைவதில்லை. எங்கள் மரங்களைச் சோதிக்கும் காலம் தை அன்று. மாசி முதல் சித்திரை வரை. அப்போது மழை அரிது, செம்மண் இறுகிவிடும், ஆழ்துளைக் கிணற்றிலும் நீர் குறையும்.

நான் செய்த பிழை இப்போது உங்களுக்குப் புலப்பட்டிருக்கும். உடம்புக்குக் குளிர்கிறதே என்று குளிர்நாட்டு மரத்தைத் தேடினேன். மரத்துக்கு எது குளிர்காலம், எது பஞ்சகாலம் என்று பார்க்கத் தவறினேன். சைப்ரஸ் இங்கே வளராது என்பதில்லை. இடைவெளி விட்டு, நீர் விட்டு, பேணி வளர்ப்பார் உளர். ஆனால் இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கி, இருக்கும் சொற்ப நீருக்குப் பதினைந்து மரங்களைப் போட்டியிட வைத்தவன் நான்.

முதலில் அளவு, பிறகு மரம்

காய்ந்த கன்றுகளைப் பிடுங்க வந்த தோட்டக்காரர் முதியவர். கன்னடமும் தமிழும் கலந்து பேசுபவர். அவர் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, யாரை மறைக்கணும்? எங்கே நின்னு பார்த்தீங்க?"

நான் எங்கும் நின்று பார்க்கவில்லை என்பதே உண்மை. அன்று மாலையே துவைகல்லருகில் நின்று பார்த்தேன். பிறகு அந்தக் கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குச் சென்று, அங்குக் குடியிருந்த அக்காவிடம் அனுமதி கேட்டு, அவர் சன்னலிலிருந்தும் பார்த்தேன். என் கொல்லை முழுதும் தெரிந்தது. ஆயினும் மறைக்க வேண்டியது துவைகல் இருந்த ஒரு சிறு மூலைதான். தென்கிழக்குப் பக்கம் வெறும் மனை. அங்கு நான் நட்டிருந்த சைப்ரஸ்கள் யாரையும் மறைக்கவில்லை.

இனிச் சிறிது கணக்குப் போடுவோம். பள்ளியில் படித்த வடிவொத்த முக்கோணங்கள் இங்கே பயன்படும். துவைகல்லில் நிற்பவர் தலை 5 அடி உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு தளமும் 10 அடி என்று கொண்டால், இரண்டாம் மாடியில் நிற்பவர் கண் 25 அடி உயரத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடைத்தொலைவு 40 அடி. கண்ணிலிருந்து தலைக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், 40 அடித் தொலைவில் அது 20 அடி ஏறுகிறது. அதாவது இரண்டடிக்கு ஓரடி. அந்தக் கோட்டை எட்டும் உயரமே மரத்துக்கு வேண்டிய உயரம்.

கல்லிலிருந்து 30 அடி தள்ளி, மதிலோரத்தில் நட்டால், மரம் 5-உம் 15-உம் சேர்ந்து 20 அடி வளர வேண்டும். 15 அடித் தொலைவில் நட்டால் பன்னிரண்டரை அடி போதும். கல்லிலிருந்து 6 அடியில் நட்டாலோ வெறும் 8 அடி! முதல் மாடியிலிருந்து பார்ப்பவருக்கு அதே இடத்தில் ஆறரை அடியே போதுமானது. மொட்டை மாடியில் துணி உலர்த்துவோர் கண்ணுக்கு ஒன்பதரை அடி வேண்டும்.

நண்பர்களே, இதுவே நான் கற்ற முதன்மையான பாடம். மறைப்பு என்றவுடன் நாம் எல்லையை நோக்கி ஓடுகிறோம். அங்கே உயர்ந்த மரத்தை நடுகிறோம். அது வளரப் பல ஆண்டுகள் காத்திருக்கிறோம். மறைக்க வேண்டியவருக்கு அருகே நட்டால், ஒரு புதர்ச்செடியே அந்த வேலையைச் செய்துவிடும். இன்னொன்றும் காண்க. மதிலோரத்து மரத்தில் பார்வைக் கோடுகள் பன்னிரண்டரை அடிக்கும் 20 அடிக்கும் இடையே செல்கின்றன. எனவே அங்கே அடிமரத்தில் இலை இல்லாவிட்டாலும் குறையில்லை. கல்லருகே உள்ள செடியோ கீழிருந்தே அடர்ந்திருக்க வேண்டும். எந்த இடத்துக்கு எந்த வடிவம் என்பதை அளவே நமக்குச் சொல்லிவிடுகிறது.

வெயிலையும் மறவாதீர்கள். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்கிறது. தைமாதத்தில் காலை எட்டரை மணிக்கு 20 அடி மரத்தின் நிழல் 40 அடிக்கு மேல் நீளும். இலையுதிர் மரமானால் கிளைகளின் ஊடே வெயில் வரும். என்றும் பசுமையான மரம் அந்த இளவெயிலை விடாது. என் சைப்ரஸ் வரிசை நான் எண்ணியபடியே வளர்ந்திருந்தால், பாட்டி கூந்தல் உலர்த்தும் கிழக்கோரம் குளிர்கால முழுதும் நிழலாயிருக்கும். குளிரும் ஊரில் தெற்கும் தென்கிழக்கும் கூடுமானவரை திறந்திருக்கட்டும்.

ஆனேக்கல்லுக்கு எந்த மரம்?

அளவு தெரிந்தபின் மரம் தேடுவது எளிதாயிற்று. எங்கள் செம்மண்ணுக்கும் கோடைக்கும் ஏற்ற என்றும் பசுமையான மரம், செடிகளை மூன்று உயரமாகப் பிரித்துக்கொண்டேன்.

முதலாவது, எட்டு அடி அளவில் நிற்கும் புதர்கள். நந்தியாவட்டை இவற்றுள் தலையாயது. கீழிருந்தே கிளைக்கும், கரும்பச்சை இலை, வெட்டினால் மீண்டும் தழைக்கும், பூசைக்கு வெள்ளைப் பூவும் தரும். செம்பருத்தியும் நன்று, ஆனால் மாவுப்பூச்சி அடிக்கடி வரும். அரளி எந்த வறட்சியையும் தாங்கும். நெடுஞ்சாலை நடுவிலும் பூக்கும். எனினும் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு குழந்தைகளும் ஆடு மாடுகளும் உள்ள வீட்டில் அதைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இரண்டாவது, பன்னிரண்டு முதல் இருபது அடி அளவில் அடர்ந்து நிற்கும் மரங்கள். சப்போட்டாவை நான் தேர்ந்தேன். மெதுவாகத்தான் வளரும், ஆனால் தாழ்வாகக் கிளைத்து, குடைபோல் அடர்ந்து, இலை உதிராமல் நிற்கும், பழமும் உண்டு. இடமும் பொறுமையும் உள்ளவர்கள் மகிழ மரம் நடலாம். அதன் நிழலும் மணமும் பேரன் காலம் வரை நிற்கும்.

மூன்றாவது, எல்லையில் உயர்ந்து நிற்கும் ஒடுங்கிய மரம். இதற்கு நெட்டிலிங்கத்தை வெல்ல ஒன்றில்லை. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய மரம் இது. கிளைகள் தொங்கி, தூண்போல் நேராக வளரும் வகையைப் பெங்களூரின் மதிலோரங்களில் எங்கும் காணலாம். அசோகம் என்று பலர் அழைப்பது இதையே. உண்மையான அசோகம் வேறு. ஐந்தாறு அடிக்கு ஒன்றாக நடலாம். நுனியைக் கிள்ளினால் அதன் வடிவழகு கெடும்.

மாவும் நாவலும் பலாவும் என்றும் பசுமையானவையே, ஆனால் அவை தோப்புக்குரியவை, குறுங்கொல்லைக்கு மிகை. வேம்பும் புங்கமும் நமக்கு மிக நெருங்கிய மரங்கள். ஆயினும் மாசி, பங்குனியில் சில வாரங்கள் இலை குறைந்து மெலியும். நிழலுக்கு நடுங்கள், திரைக்கு நம்பாதீர்கள்.

விரைவில் மயங்காதீர்

நாற்றுப்பண்ணைகளில் "விரைவாக வளரும், தண்ணீர் வேண்டாம்" என்று சொல்லிக் கொடுப்பவற்றில் சிலவற்றைப் பற்றி எச்சரிக்க வேண்டும். தைலமரத்தை எங்கள் பக்கத்தில் 'நீலகிரி' என்பர். ஒரு காலத்தில் எங்கள் வட்டத்தில் ராகி நிலங்களும் நீலகிரித் தோப்புகளாயின. நிலத்தடி நீரைக் கருதி, 2017-ஆம் ஆண்டில் கர்நாடக அரசு அதைப் புதிதாக நடுவதைத் தடை செய்தது. கோனோகார்ப்பஸ் என்ற மரம், சில ஆண்டுகளாகப் பசும்வேலிக்கென்று எங்கும் விற்கப்பட்டது. அதன் வேர் குழாய்களையும் கம்பிவடங்களையும் கெடுக்கிறது, மகரந்தம் மூச்சு நோய் தருகிறது என்ற காரணங்களால் 2023-இல் குஜராத் அரசு அதைத் தடை செய்தது. ஆலின் உறவான ஃபைகஸ் வேலிகளின் வேரும் மதிலுக்கும் வடிகாலுக்கும் பகை. சில்வர் ஓக் காப்பித் தோட்ட நிழலுக்கு ஏற்றது. வீட்டருகே அதன் கிளை காற்றில் எளிதில் முறியும். சவுக்கு காற்றுத் தடுப்புக்குச் சிறந்தது. ஆனால் வயதாக ஆக அடிக்கிளைகள் காய்ந்து, மறைக்க வேண்டிய உயரத்திலேயே வெளியாகிவிடும்.

நட்ட பிறகு வெட்டிவிடலாமே என்று எண்ணுவோர்க்கு ஒரு சொல். 1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, விலக்களிக்கப்பட்ட சில வகைகள் தவிர, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். ஆகவே நடுமுன் யோசிப்பதே நன்று.

அண்டை வீட்டார்

விரைவின் விளைவுக்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல சான்று உண்டு. கலிபோர்னியாவின் சைப்ரஸ் ஒன்றும் அமெரிக்க வடமேற்கின் சைப்ரஸ் ஒன்றும் கலந்து, 1888-இல் வேல்சு நாட்டின் லெய்ட்டன் ஹால் தோட்டத்தில் ஒரு கலப்பினம் தோன்றியது. லேலண்ட் சைப்ரஸ் என்று பெயர். ஆண்டுக்கு மூன்றடி அளவிலும் வளரக் கூடியது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மக்கள் அதைத் தம் வேலிகளில் நட்டு மறந்தனர். பக்கத்து வீடுகள் இருண்டன, வழக்குகள் பெருகின. இறுதியில், 2003-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் உயர்ந்த வேலிகளுக்கென்றே ஒரு பகுதி எழுதப்பட்டது. 2 மீட்டருக்கு மேல் வளர்ந்த பசுமை மாறா வேலி தம் வெளிச்சத்தைக் கெடுத்தால், அண்டை வீட்டார் உள்ளாட்சி மன்றத்தில் முறையிடலாம். இங்கிலாந்தில் அது 2005-இல் நடைமுறைக்கு வந்தது.

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மென்ட் சட்டம், பதினெட்டாம் பிரிவில் கொல்லையின் மறைவைப் பற்றியே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறது. அண்டை வீட்டின் மறைவைக் கெடுக்கும்படி புதிய சன்னல் திறக்கலாகாது என்பது ஓர் ஊரின் வழக்கமாயிருந்தால், அவ்வழக்கம் உரிமையாகும் என்பது அதன் கருத்து. ஆனால் அந்த வழக்கம் இருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். பாட்டிக்காக நான் நீதிமன்றம் செல்வதா? சன்னல் திறந்தவர்களும் வாடகைக்கு வந்தவர்களே.

இரண்டாம் மாடி அக்காவிடம் பேசியபோது நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டேன். "உங்க பாட்டி எங்களைக் கண்டா எழுந்து உள்ளே போயிடறாங்க தம்பி. பாவமா இருக்கு. அதனால நாங்க சன்னலைத் திறக்கறதே இல்லை. புழுக்கம் தாங்கலை" என்றார். அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு சன்னல்தான். நான் என் பக்கத்துத் துன்பத்தை மட்டும் எண்ணி, அவர்கள் சன்னலை அடியோடு அடைக்கும் சுவர் ஒன்றை வளர்க்கப் பார்த்தேன். ஒரு நல்ல திரை இரு பக்கத்தாருக்கும் விடுதலை தர வேண்டும். அவர்களுக்குக் காற்றும் வெளிச்சமும் நிற்காமல், எங்கள் துவைகல் மட்டும் மறைய வேண்டும். கல்லருகே நடும் செடி அதைச் செய்தது.

நட்ட விதம்

ஆனி மாதம், முதல் மழை மண்ணை நனைத்த பிறகு நட்டோம். அந்தத் தோட்டக்காரரே வந்தார். இரண்டடி நீள, அகல, ஆழமுள்ள குழிகள். மேல்மண்ணும் மட்கிய எருவும் சரிபாதி. கல்லிலிருந்து தென்மேற்கில் 6 அடித் தொலைவில் மூன்று நந்தியாவட்டை, நான்கடிக்கு ஒன்றாக. 15 அடித் தொலைவில் ஒரு சப்போட்டா. தென்மேற்கு மதில் மூலையில், சன்னல்களுக்கு நேர் எதிரே வராமல் ஒதுக்கி, நான்கு நெட்டிலிங்கம். தென்கிழக்கை வெயிலுக்காக விட்டுவிட்டோம். எல்லாம் ஒரே இனமாயிருந்தால் ஒரே நோய், ஒரே கோடை எல்லாவற்றையும் கொண்டுபோகும். பல இனமாயிருந்தால் ஒன்று போனாலும் மற்றவை நிற்கும்.

செடி வளரும் வரை என்ன செய்வது? நான்கு மூங்கில் நட்டு, கயிறு கட்டி, பீர்க்கங்கொடி ஏற்றினோம். இரண்டு மாதத்தில் பந்தல் பசுமையாகிவிட்டது. அது காய்ந்தபின் அவரைக் கொடி. திரை வளர்வதற்குள் கிடைத்த கறிகாய் வேறு!

முதல் இரண்டு கோடைகளே சோதனை. தூரில் சருகு மூடாக்கு அரைச் சாண் கனத்துக்குப் போட்டேன். ஆனால் தண்டில் படாமல். நாள்தோறும் சிறிது தெளிப்பதைவிட, வாரம் இருமுறை ஆழ நனையும்படி விடுவது நல்லது. அப்போதுதான் வேர் கீழே இறங்கும். பாட்டி அரிசி கழுவிய நீரையும் காய்கறி அலசிய நீரையும் அங்கேயே ஊற்றினார்.

இப்போது இரண்டு ஆண்டுகள் முடிந்தன. நந்தியாவட்டை ஆறரை அடியைத் தாண்டிவிட்டது. கணக்குப்படி முதல் மாடி மறைந்தது. இரண்டாம் மாடிக்குப் பந்தல் இன்னும் துணை நிற்கிறது. சப்போட்டா என் தோளளவுதான். ஒரு நெட்டிலிங்கம் பட்டுப்போயிற்று; வேறு வைத்தேன். வேலை முடியவில்லை என்பது உண்மை. ஆனால் சென்ற தைமாதத்தில் பாட்டி மீண்டும் துவைகல்லுக்கு வந்துவிட்டார். இரண்டாம் மாடிச் சன்னலும் திறந்திருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் நந்தியாவட்டைப் பூவில் ஒரு கூடை அந்த அக்காவின் வீட்டுக்குப் போகிறது.

அன்பர்களே, பெங்களூரில் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை லால்பாக் சென்று வாருங்கள். 1760-இல் ஐதர் அலி தொடங்கிய அத்தோட்டத்தில், நம் ஊர் மரங்களும் தொலைநாட்டு மரங்களும் அருகருகே நிற்கின்றன. பங்குனி மாதத்தில் சென்றால் எது மெலிந்திருக்கிறது, எது பசுமையாயிருக்கிறது என்று கண்ணாலேயே அறியலாம். பிறகு வீட்டுக்கு வந்து, மறைவு தேவைப்படுபவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நின்று பாருங்கள். எதிர்வீட்டுச் சன்னலிலிருந்தும் ஒருமுறை பாருங்கள். அளவுநாடாவை எடுங்கள். மரத்தின் பெயரைக் கடைசியில் கேளுங்கள்.